ஒரே சர்வரில் ஓடும் பழைய வெப் ஆப்பை நிறுத்தாமல் அடுக்குகளாகப் பிரிப்பது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: 2011 வாக்கில் எழுதிய பிஎச்பி, மைஎஸ்கியூஎல் ஆப். பள்ளிகள் கட்டணம் வசூலிக்க, ரசீது கொடுக்க, பெற்றோருக்கு எஸ்எம்எஸ் அனுப்பப் பயன்படுகிறது. வெப் சர்வர், டேட்டாபேஸ், அப்லோட் ஆன கோப்புகள் எல்லாம் ஒரே மெஷினில். வருடம் முழுக்க ஓடிவிடுகிறது. ஜூன் முதல் இரண்டு வாரம் மட்டும் படுத்துவிடுகிறது. இரண்டு முறை பெரிய மெஷினுக்கு மாறியும் தீரவில்லை. எல்லாவற்றையும் மைக்ரோசர்வீஸாக (தனித்தனியே ஓடும் சிறு புரோகிராம்களாக) திருப்பி எழுதிவிடலாமா என்று மேலிடம் கேட்கிறது. டீமில் நான்கு பேர். எங்கிருந்து தொடங்குவது?

திருப்பி எழுத வேண்டாம். புதியது தயாராகும்வரை பழையதையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கே இரண்டு பேர் போய்விடுவார்கள். மீதி இருவர் இத்தனை வருட வேலையை மறுபடி செய்து முடிக்க எத்தனை ஜூன் ஆகும் என்று மேலிடத்திடமே கேட்டுப் பாருங்கள். நெட்ஸ்கேப் 1998-இல் தன் பிரௌசரின் பழைய புரோகிராம் கோடைத் தள்ளிவைத்துவிட்டுப் புதிய எஞ்சினோடு எழுத உட்கார்ந்தது. 4-க்கு அடுத்த பதிப்பு 2000 நவம்பரில்தான் வந்தது, அதுவும் 6 என்ற எண்ணோடு. 5 வெளிவரவே இல்லை. அதற்குள் மைக்ரோசாஃப்ட் சந்தையைப் பிடித்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. உங்கள் கோடில் விநோதமான இஃப் வரிகள் நிறைய இருக்கும். இந்தப் பள்ளிக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை தாமதக் கட்டணம் சேராது, அந்தப் பள்ளிக்கு மட்டும் இரண்டாவது பிள்ளைக்குப் பேருந்துக் கட்டணத்தில் பாதி என்ற மாதிரி. எந்த ஆவணத்திலும் அவை இருக்காது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் எப்போதோ ஒரு பள்ளி அலுவலகத்திலிருந்து வந்த கோபமான போன் இருக்கிறது. திருப்பி எழுதினால் அந்த போன்கள் அத்தனையும் மறுபடி வரும்.

மேலிடத்துக்கு ஒரு உதாரணம் வேண்டுமென்றால் நெட்ஃபிளிக்ஸைச் சொல்லுங்கள். 2008 ஆகஸ்டில் அவர்களுடைய டேட்டாபேஸ் கெட்டுப்போய் மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியவில்லை. அதன் பிறகுதான் தங்கள் டேட்டா சென்டரை விட்டுக் கிளவுடுக்குப் போக முடிவெடுத்தார்கள். வேலை முடிந்தது 2016 ஜனவரியில். பணமும் ஆட்களும் இருந்த இடத்திலேயே ஏழு வருடம், அதுவும் பகுதி பகுதியாக.

சரி, எங்கிருந்து தொடங்குவது? அளவெடுப்பதிலிருந்து. சலிப்பான பதில்தான். ஆனால் ஜூன் சிக்கலில் பாதி அடுக்குகளுக்குச் சம்பந்தமில்லாததாக இருக்கும் என்று கிட்டத்தட்டப் பந்தயம் கட்டுவேன்.

மைஎஸ்கியூஎல்-இன் ஸ்லோ கொயரி லாகை (மெதுவாக ஓடும் டேட்டாபேஸ் கேள்விகளின் பதிவை) ஓடவிடுங்கள். அதில் ஒரு பொறி உண்டு: எவ்வளவு நேரம் ஓடினால் "மெதுவானது" என்ற வரம்பு, நாம் மாற்றாதவரை 10 வினாடி. அதனால் லாக் காலியாக இருக்கும், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். அரை வினாடிக்கு இறக்குங்கள். ஒரே நாளில் இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) இல்லாத டேபிள்கள் வரிசையாக வந்து நிற்கும்.

டேபிள்கள் எந்த எஞ்சினில் (தரவைச் சேமிக்கும் முறையில்) இருக்கின்றன என்றும் பாருங்கள். 5.5 பதிப்பிலிருந்து இன்னோடிபி-தான் இயல்பு. ஆனால் அந்தக் காலத்து ஆப்களில் பழைய ஸ்கிரிப்டைக் காப்பியடித்த மைஐசாம் டேபிள்கள் இன்னும் கிடக்கும். மைஐசாம் முழு டேபிளையும் பூட்டும். அலுவலகத்தில் ஒருவர் மாத அறிக்கை எடுத்துக்கொண்டிருக்கிறார். அதே டேபிளில் ஒரு ரசீதைத் திருத்த அப்டேட் வருகிறது. அது அறிக்கை முடியும்வரை நிற்கும். அதற்குப் பின்னால் வரும் எல்லாப் பெற்றோரும் அந்த அப்டேட்டுக்காக நிற்பார்கள். ரேஷன் கடையில் ஒருவர் மூட்டை கணக்கில் வாங்க நின்றால் அரை லிட்டர் எண்ணெய்க்கு வந்தவரும் காத்திருப்பாரே, அப்படி. போதாததற்கு மைஐசாமில், பல மாற்றங்களை மொத்தமாகச் சேர்க்கும் அல்லது மொத்தமாக ரத்துசெய்யும் டிரான்ஸாக்‌ஷனே கிடையாது. பணம் புழங்கும் டேபிள் அதில் இருந்தால், வேகத்தை விடுங்கள், அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வாரமே மாற்றுங்கள்.

அடுத்து, பிஎச்பி புராசஸ்கள் (ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்டைக் கவனிக்கும் பிரதிகள்) எதற்காகக் காத்திருக்கின்றன என்று பாருங்கள். நான் அதிகம் பார்த்த காட்சி இது: சிபியு 10 சதவீதம்கூட ஓடவில்லை, ஆனால் தளம் திறக்கவில்லை. காரணம், பணம் கட்டியதும் அதே ரிக்வெஸ்டுக்குள்ளேயே எஸ்எம்எஸ் கேட்வேயை (எஸ்எம்எஸ் அனுப்பித் தரும் வெளிச் சேவையை) கூப்பிட்டு அதன் பதிலுக்காக நிற்பது. கணக்குப் போடுங்கள். உங்களிடம் 50 பிஎச்பி புராசஸ் இருக்கிறது. ஒரு ரிக்வெஸ்ட் 0.2 வினாடியில் முடிந்தால் வினாடிக்கு 250 பேரைக் கவனிக்கலாம். கேட்வே மந்தமாகி 3 வினாடி எடுத்தால் 16 பேர்தான். ஜூனில் எல்லாப் பள்ளிகளும் ஒரே நேரத்தில் எஸ்எம்எஸ் அனுப்புவதால் கேட்வே மந்தமாவதும் அப்போதுதான். மெஷினை எவ்வளவு பெரிதாக்கினாலும் இது தீராது. இரண்டு முறை பெரிதாக்கியும் பயனில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றிய சந்தேகம் இதுதான்.

தீர்வு எளிது. எஸ்எம்எஸ், மின்னஞ்சல், ரசீது பிடிஎஃப் மூன்றையும் ரிக்வெஸ்டிலிருந்து வெளியே எடுங்கள். இதற்காக உடனே காஃப்கா மாதிரிப் பெரிய செய்தி-வரிசை மென்பொருள் என்று கிளம்பிவிட வேண்டாம். "வேலைகள்" என்று ஒரு டேபிள். ரிக்வெஸ்ட் அதில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். பின்னால் தனியாக ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யும். மைஎஸ்கியூஎல் 8.0 இருந்தால், மற்றவர் பூட்டிய வரியைத் தாண்டி அடுத்ததை எடு என்று சொல்லும் "ஸ்கிப் லாக்டு" வசதியே இருக்கிறது. பல ஸ்கிரிப்டுகள் ஒன்றையொன்று இடிக்காமல் ஓடும். உங்கள் அளவுக்கு இது சில வருடங்களுக்குப் போதும். இந்த வேலை வரிசைதான் (க்யூ) உங்கள் முதல் தனி அடுக்கு.

இதுவரை சொன்னதைச் செய்தாலே வரும் ஜூன் தாண்டிவிடும் என்று நினைக்கிறேன். மெஷின்களைப் பிரிப்பது இவற்றுக்கு அடுத்த படி.

அதற்கு நான் கையில் வைத்திருக்கும் ஒரே அளவுகோல் ஒரு கேள்வி: இந்த மெஷினை இப்போது அணைத்தால் என்னென்ன போகும்? உங்கள் விஷயத்தில் பதில் "எல்லாம்". ஒவ்வொரு படியிலும் அந்தப் பட்டியலிலிருந்து ஒன்றை அடிக்க வேண்டும். வெப் மெஷினைப் பொறுத்தவரை பதில் "ஒன்றும் போகாது" என்று ஆகும் நாளில் இரண்டாவது, மூன்றாவது மெஷினைச் சேர்ப்பது அரை மணி நேர வேலை. அதற்கு முன்பே வரும் ரிக்வெஸ்டுகளைப் பல மெஷின்களுக்குப் பகிரும் லோட் பேலன்சரை வாங்கி வைப்பவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

முதலில் டேட்டாபேஸ் தனி மெஷினுக்குப் போகட்டும். இங்கே யாரும் சொல்லாத ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது: பிரித்த அன்று சில பக்கங்கள் முன்பைவிட மெதுவாகும். ஒரே மெஷினில் "லோக்கல்ஹோஸ்ட்" என்று எழுதியிருந்தால் பிஎச்பி நெட்வொர்க்குக்கே போகாது, யூனிக்ஸ் சாக்கெட் வழியாகப் பேசும். தனி மெஷின் ஆனதும் ஒவ்வொரு கொயரிக்கும் போய்வரும் நேரம் சேரும். அது அரை மில்லி வினாடி என்றே வையுங்கள். வகுப்பில் 40 மாணவர், ஒவ்வொருவருக்கும் லூப்புக்குள் பத்து கொயரி என்று எழுதிய பக்கத்தில் 400 கொயரி, 0.2 வினாடி கூடுதல். பிரிப்பதற்கு முன்பே ஒரு பக்கத்துக்கு எத்தனை கொயரி போகிறது என்று எண்ணி, மோசமான பத்துப் பக்கங்களைச் சரிசெய்துவிடுங்கள்.

டேட்டாபேஸை நகர்த்தும்போது தமிழ்ப் பெயர்கள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. 8.0-க்கு முன்பு மைஎஸ்கியூஎல்-இன் இயல்பான எழுத்துக்குறி முறை லத்தீன்1. பழைய பிஎச்பி கோடு அதைப் பற்றிக் கவலையே படாமல் யூடிஎஃப்-8 பைட்டுகளை அதற்குள் திணித்து, அதே வழியில் திரும்ப எடுத்துக் காட்டும். அதனால் இத்தனை வருடம் சரியாகத் தெரிந்திருக்கும். புதிய மெஷினில் இணைப்பு யூடிஎஃப்8எம்பி4 ஆனதும் மாணவர் பெயர்களெல்லாம் ஐரோப்பிய எழுத்துகளும் பதிவு முத்திரைக் குறிகளுமாக வந்து நிற்கும். டேபிளின் நெடுவரிசையை நேரடியாக மாற்றினால் குப்பை இன்னும் குப்பையாகும். முதலில் பைனரி வகைக்கு மாற்றி, அங்கிருந்து யூடிஎஃப்8எம்பி4-க்குக் கொண்டுபோக வேண்டும். கூடவே ஒரு உண்மையும் வெளியே வரும்: தமிழில் ஒவ்வொரு குறியும், உயிர்மெய்யின் கொம்பும் காலும் உட்பட, 3 பைட். 50 இடம் விட்ட லத்தீன்1 நெடுவரிசையில் 16 குறிதான் அடங்கும். சில நீளமான பெயர்கள் ஏன் பாதியில் வெட்டுப்பட்டிருக்கின்றன என்பதற்கு அன்றைக்கு விடை கிடைக்கும். பேக்கப் எடுத்து, காப்பியில் இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்து செஷன், அதாவது யார் லாகின் செய்திருக்கிறார் என்ற நினைவு. பிஎச்பி அதை வெப் மெஷினின் டிஸ்க்கில் கோப்பாக வைக்கிறது. ரெடிஸுக்கு (எல்லா மெஷினும் பகிரக்கூடிய, மெமரியில் வைக்கும் டேட்டாபேஸுக்கு) மாற்ற பிஎச்பி செட்டிங் கோப்பில் இரண்டு வரி போதும். எல்லாரும் லாகவுட் ஆவார்கள், ஆகவே இரவில் செய்யுங்கள். ஆனால் அந்த இரண்டு வரிக்குள் ஒரு மாற்றம் ஒளிந்திருக்கிறது. கோப்பு முறையில் ஒரே ஆளின் இரண்டு ரிக்வெஸ்ட் சேர்ந்து வந்தால், செஷன் பூட்டு இருப்பதால் இரண்டாவது காத்திருக்கும். "பணம் செலுத்து" பட்டனை ஒருவர் பொறுமையில்லாமல் இரண்டு முறை தட்டினால் பழைய கோடு தப்பித்தது இந்தப் பூட்டால்தான், எழுதியவருக்கே தெரியாமல். பிஎச்பி-யின் ரெடிஸ் எக்ஸ்டென்ஷனில் இந்தப் பூட்டு இயல்பாக அணைந்திருக்கிறது. இரண்டு ரிக்வெஸ்டும் ஒன்றாகப் போகும், இரண்டு ரசீது விழும். பூட்டை ஆன் செய்யுங்கள். அதோடு நிற்காமல் கட்டண டேபிளில் பரிவர்த்தனை எண்ணுக்கு, ஒரே எண் இரண்டு முறை பதிவாகாதபடி, யூனிக் கீ போடுங்கள். பேமென்ட் கேட்வேகளும் பதில் வரவில்லையென்றால் ஒரே தகவலை மறுபடி அனுப்பும் என்பதால் அது எப்படியும் வேண்டியதுதான்.

ஒரே ஆளை எப்போதும் ஒரே மெஷினுக்கு அனுப்பச் சொல்லி லோட் பேலன்சரிடம் வேலையை முடித்துக்கொள்ளலாமே என்று டீமில் யாராவது சொல்வார்கள். ஒரு மாத ஊன்றுகோலாக இருக்கட்டும். அந்த மெஷின் விழுந்தால் அதில் இருந்தவர்கள் எல்லாரும் வெளியே தள்ளப்படுவார்கள், அதாவது நம் கேள்விக்குப் பதில் மாறவே இல்லை.

கோப்புகள்: மாணவர் போட்டோ, மாற்றுச் சான்றிதழ் ஸ்கேன் போன்றவை. ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு (கோப்புகளுக்கான தனிச் சேமிப்புச் சேவைக்கு) போகட்டும். புதிய அப்லோட்களை இரண்டு இடத்திலும் எழுதுங்கள். பழையவற்றைப் பின்னணியில் மெதுவாக நகலெடுங்கள். படிக்கும்போது புதிய இடத்தில் தேடி, இல்லையென்றால் பழைய இடத்தில் பாருங்கள். பழைய இடத்தைத் தொடுவது பூஜ்யமானதும் அதை மூடலாம். எந்த நாளிலும் நிறுத்தலாம், பின்வாங்கலாம். மற்ற படிகளையும் முடிந்தவரை இதே பாணியில் அமையுங்கள்.

கிரான் வேலைகளை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஸ்கிரிப்டுகளை) பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒருமுறை நாங்கள் வெப் மெஷினை அப்படியே குளோன் செய்து இரண்டாவதை ஏற்றினோம். அதற்குள் கிரானும் சேர்ந்து குளோன் ஆனதை யாரும் யோசிக்கவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு நினைவூட்டல் எஸ்எம்எஸ் எல்லா வாடிக்கையாளருக்கும் இரண்டிரண்டாகப் போனது. எஸ்எம்எஸ் போனது பரவாயில்லை. அதே கிரானில் தாமதக் கட்டணம் சேர்க்கும் வேலையும் இருந்தது. அதைத் திருத்த இரண்டு நாள் ஆனது. கிரானுக்கு ஒரு தனி மெஷின் வையுங்கள், அல்லது வேலை தொடங்கும்போது டேட்டாபேஸில் பெயர் சொல்லி ஒரு பூட்டு எடுத்து, கிடைக்காவிட்டால் பேசாமல் வெளியேறும்படி எழுதுங்கள்.

இப்போது லோட் பேலன்சர். அதை வைத்ததும் உங்கள் கோடுக்கு எல்லாப் பெற்றோரும் ஒரே ஐபி-யிலிருந்து வருவதுபோல் தெரியும், பேலன்சரின் ஐபி-யிலிருந்து. "ஐந்து முறை தவறான பாஸ்வேர்டு என்றால் அந்த ஐபி-யைத் தடு" என்று எழுதியிருந்தால், எங்கோ ஒருவர் ஐந்தாம் முறை தவறியதும் எல்லாப் பள்ளிக்கும் கதவு சாத்திவிடும். உண்மையான ஐபி தனி ஹெடரில் வரும். அதைப் படியுங்கள், ஆனால் பேலன்சரிடமிருந்து வந்தால் மட்டும் நம்புங்கள், ஏனென்றால் அந்த ஹெடரை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். எச்டிடிபிஎஸ்-க்குத் திருப்பிவிடும் பழைய கோடும் முடிவில்லாமல் சுற்றலாம், ஏனென்றால் பேலன்சரிலிருந்து உள்ளே வருவது பெரும்பாலும் சாதாரண எச்டிடிபி-யாகத்தான் இருக்கும்.

மெஷின்கள் பெருகியதும் டேட்டாபேஸ் இணைப்புகளை எண்ணுங்கள். மைஎஸ்கியூஎல்-இன் இயல்பான உச்சவரம்பு 151. மெஷினுக்கு 50 புராசஸ் வீதம் நான்கு மெஷின் என்றால் 200. சாதாரண நாளில் தெரியாது, ஜூன் முதல் திங்கள் காலை ஒன்பதரைக்குத் தெரியும். வரம்பைக் கண்மூடித்தனமாக ஏற்றினால் மெமரி தின்னும். காத்திருப்பதையெல்லாம் க்யூவுக்கு அனுப்பிவிட்டதால் இப்போது மெஷினுக்கு 30 புராசஸே போதுமானதாக இருக்கலாம். அளந்து முடிவெடுங்கள்.

ரெப்ளிகா, அதாவது டேட்டாபேஸின் நகல் மெஷின், கடைசியில். அதுவும் அறிக்கைகளுக்கு மட்டும். ரெப்ளிகா சற்றுப் பின்தங்கித்தான் இருக்கும். பணம் கட்டிய அடுத்த நொடி பாக்கிப் பக்கத்தை அங்கிருந்து காட்டினால் "இன்னும் கட்டவில்லை" என்று வரும். அந்தப் பெற்றோர் மறுபடி கட்டுவார். பணம் சம்பந்தப்பட்ட பக்கங்கள் எப்போதும் மூல டேட்டாபேஸையே படிக்கட்டும்.

இவ்வளவும் மெஷின்களைப் பற்றியது. கோடைப் பிரிப்பது வேறு வேலை, அதற்கு அவசரமே இல்லை. நம் ஊரில் பனைமரத்தின் மட்டை இடுக்கில் பறவை போட்ட ஆல விதை முளைத்து, விழுது இறக்கி, பனையைச் சுற்றி வளர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபௌலர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து காடுகளில் இதே அத்திக் குடும்ப மரங்களைப் பார்த்துவிட்டு 2004-இல் பழையதைச் சுற்றிப் புதியதை மெல்ல வளர்க்கும் ஒரு மென்பொருள் முறைக்கு ஸ்ட்ராங்லர் (நெரிப்பான்) என்ற அவற்றின் பெயரை வைத்தார். முன்னால் ஒரு என்ஜின்எக்ஸ் (ரிக்வெஸ்டுகளை வழிமாற்றக்கூடிய வெப் சர்வர்); ரசீது முகவரிகள் மட்டும் புதிய கோடுக்கு, மற்றவை பழையதற்கு. ஒரு வரியை மாற்றினால் மீண்டும் பழையதற்கே போய்விடும். படிக்க மட்டும் உள்ள, யாரும் அழாத பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

கட்டணக் கணக்கீட்டைத் தொடும்போது மட்டும் ஒரு மாதம் இரண்டு கோடையும் ஓட்டுங்கள். பழையதன் விடை பெற்றோருக்குப் போகட்டும், புதியதன் விடை லாகுக்கு. வித்தியாசங்களைத் தினமும் படியுங்கள். கிட்ஹப்பில் இதற்கென்றே சயன்டிஸ்ட் என்று ஒரு சிறிய லைப்ரரி எழுதி வெளியிட்டார்கள். பிஎச்பி-யில் நீங்களே ஐம்பது வரியில் எழுதிவிடலாம். நான் மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமை விதிகளெல்லாம் இங்கேதான் பிடிபடும். மாறிய பகுதியின் பழைய கோடை அழிப்பதையும் அதே மாதத்தில் முடித்துவிடுங்கள். ஆலும் பனையும் இரண்டும் உயிரோடு நிற்கும் மரத்தைப் பராமரிப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

தனி ஏபிஐ அடுக்கு, மைக்ரோசர்வீஸ்? கைவினைப் பொருள் சந்தைத் தளமான எட்ஸி பிஎச்பி-க்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கும் நடுவே ஸ்ப்ரவுட்டர் என்று ஒரு அடுக்கைக் கட்டியது. டெவலப்பர்கள் பிஎச்பி மட்டும் எழுதுவார்கள், டேட்டாபேஸ் ஆட்கள் ஸ்டோர்டு புரொசீஜர் (டேட்டாபேஸுக்குள்ளேயே ஓடும் கோடு) எழுதுவார்கள், நடுவில் இது இணைக்கும் என்பது திட்டம். நடந்தது என்னவென்றால், சின்ன மாற்றத்துக்கும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தார்கள். கடைசியில் அதைக் கைவிட்டு, பிஎச்பி நேரடியாகத் துண்டுகளாகப் பிரித்த மைஎஸ்கியூஎல்-லிடம் பேசும் முறைக்குப் போனார்கள். இன்னொரு பக்கம், புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2016-இல் ஒரே பெரிய ஆப்பைப் பதினொரு வெப் சர்வரில் வைத்துத் தினமும் 20 கோடிக்கு மேல் ரிக்வெஸ்டுகளுக்குப் பதில் சொன்னது. நான்கு பேர் இருக்கும் டீமுக்கு ஒரே கோட்பேஸ், அதற்குள் ஒழுங்காகப் பிரித்த மாட்யூல்கள். கட்டண மாட்யூலின் டேபிளை எஸ்எம்எஸ் மாட்யூல் நேரடியாகத் தொடக்கூடாது என்ற ஒரு விதி. அதையே கட்டுப்பாடாகக் கடைப்பிடித்தால் போதும். பிறகு என்றாவது பிரிக்க வேண்டி வந்தால் கோடு கிழிய வேண்டிய இடத்தில் கிழியும்.

நேரக் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். ஜூலை, ஆகஸ்டில் ஸ்லோ லாக், இண்டெக்ஸ், இன்னோடிபி. தீபாவளிக்குள் எஸ்எம்எஸ்-உம் பிடிஎஃப்-உம் க்யூவுக்கு. பொங்கலுக்குள் டேட்டாபேஸ் தனி மெஷினில். மார்ச் முடிவதற்குள் செஷன், கோப்பு, கிரான், இரண்டாவது வெப் மெஷின். ஏப்ரல் 20-க்குப் பிறகு பக் திருத்தம் தவிர எதையும் தொடாதீர்கள். நீங்கள் இப்போது பிப்ரவரியில் இருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால் லாக், இண்டெக்ஸ், க்யூ மூன்றோடு நிறுத்திக்கொண்டு மீதியை ஜூனுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் ஏதாவதொரு செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு, எல்லாரும் சீட்டில் இருக்கும்போது, ஒரு வெப் மெஷினை அணைத்துப் பாருங்கள். சப்போர்ட் போன் அடிக்கவில்லை என்றால் ஜூனுக்கு மூன்றாவதை வாடகைக்கு எடுத்து வையுங்கள். அடித்தால், எதிர்முனையில் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்; பட்டியலில் விட்டுப்போனது அதுதான்.